மோட்டார் சைக்கிளின் ஸ்டிக்கரைக் கழற்றும் முன்

அக்காவின் மகன் போன மாதம் தன்னுடைய டிஸ்கவரைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தான். ஒரு கையில் கறுப்பு ஸ்பிரே பெயின்ற், மற்றக் கையில் சவர அலகு.

"மாமா, இதில இருக்கிற எழுத்தெல்லாத்தையும் சுரண்டிப்போட்டு முழுக்க மற் கறுப்பு அடிக்கப்போறன். கரண்ட் இருக்குத்தானே?"

இலக்கத்தகட்டையும் சின்னதாக வெட்டி, இருக்கைக்குக் கீழே உள்ளே தள்ளிப் பூட்டுவதாக இருந்தான். யூடியூப்பில் பார்த்தானாம். நான் முதலில் அலகை வாங்கி வைத்தேன். பிறகு பெயின்ற் ரின்னையும் வாங்கி வைத்தேன். பிறகு அவனை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். அன்றும் அடுத்த சனிக்கிழமையும் நாங்கள் இருவரும் அந்தச் சைக்கிளில் என்ன செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம், ஏன் விட்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. இடையில் எங்கள் ஊரின் கதையும் கொஞ்சம் வரும். யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதினால் அது வராமல் விடாது.

இப்போது ஊரில் இந்த வேலை ஏன் கூடியிருக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அது முழுமையாகத் திறபட 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட ஐந்து வருடமும் ஒரு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் பழைய சைக்கிளில்தான் ஏறினார்கள். பழையதின் விலையோ புதியதின் பழைய விலையைத் தாண்டி நின்றது. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு வரும் புதிய சைக்கிளை எட்டிப் பிடிக்க முடியாத வீடுகள் அநேகம். ஆகவே இன்னொருவர் ஓடிய சைக்கிள், இன்னொருவர் ஒட்டிய மண்டையோடு, இன்னொருவரின் காதலியின் பெயர். அதைக் கழற்றித் தன்னுடையதாக்க ஒரு பத்தொன்பது வயதுப் பொடியன் ஆசைப்படுவதில் நான் ஒரு பிழையும் காணவில்லை.

எங்கள் பொடியனின் டிஸ்கவர் நீல நிறம். சைட் கவர்களில் பெயர், தாங்கியில் கம்பனியின் இலச்சினையும் சாம்பல் கோடுகளும். முன் மட்கார்ட்டில் முந்திய சொந்தக்காரர் ஒட்டிய கழுகு ஒன்று. இவை தவிரத் தாங்கியின் பின் மூலையில் பாதி கிழிந்த கியூ.ஆர். துண்டு ஒன்றும் இருந்தது. 2022 ஜூலையில் எரிபொருள் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரத்தை அச்சடித்துச் சைக்கிளிலேயே ஒட்டிவிட்டு வரிசையில் நின்றவர்கள் பலர். நாட்டில் அதற்கு இருந்த மதிப்பு வேறெந்த ஸ்டிக்கருக்கும் இருந்ததில்லை.

நகத்தால் தடவிப் பாருங்கள்

எந்தக் கம்பனி ஸ்டிக்கரையும் கழற்றுவதற்கு முன் அதன் விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் ஸ்டிக்கர் பெயின்ற்றுக்கு மேலே இருக்கிறது, கழற்றலாம். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது க்ளியர் எனப்படும் மேற்பூச்சுக்கு உள்ளே இருக்கிறது. அதை உரிக்க வழியில்லை. மேற்பூச்சைத் தேய்த்து எடுத்து, திரும்பப் பெயின்ற் அடித்தால்தான் போகும். ஒரே சைக்கிளில் தாங்கியில் இருப்பது உள்ளேயும், சைட் கவரில் இருப்பது மேலேயும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் அலகு போட்டவர்களின் தாங்கிகளைப் பார்த்திருக்கிறேன். பூனை பிறாண்டியது போல இருக்கும்.

மேலே இருக்கும் ஸ்டிக்கருக்கு வேண்டியது சூடு. சூட்டில் பசை இளகும். ஹெயார் ட்ரையர் போதும்; ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓர் இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்ட வேண்டும். பெயின்ற் உரிக்கும் சூட்டுத் துப்பாக்கி வேண்டாம், பிளாஸ்ரிக் சைட் கவர் நெளிந்து போகும். ஹெயார் ட்ரையர் இல்லாத வீட்டில் கொதிநீரில் நனைத்த துணியை ஸ்டிக்கரின் மேல் வைத்து எடுக்கலாம். பங்குனி, சித்திரையில் அதுவும் தேவையில்லை. மத்தியான வெயிலில் அரை மணித்தியாலம் முற்றத்தில் விட்டாலே போதும், தொட்டால் கை சுடும்.

மூலையை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல் ஸ்டிக்கரைத் தன்மேலேயே மடித்துக்கொண்டு, பெயின்ற்றுக்குச் சமாந்தரமாக மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஸ்டிக்கரின் மேல்தோல் மாத்திரம் கையோடு வந்து, பசை முழுக்க அங்கேயே நிற்கும். எங்கள் கழுகு அப்படித்தான் தலையை விட்டுவிட்டு வந்தது. கிளப்புவதற்கு ஒரு கருவி வேண்டுமென்றால் பழைய வங்கி அட்டை நல்லது. இரும்பு எதுவும் வேண்டாம்.

தாங்கியில் இருந்த இலச்சினை புடைத்தது, தடிப்பான இருபக்க ஒட்டுநாடாவில் இருந்தது. அதற்குத் தங்கூசி நூல் ஒரு முழம் எடுத்து, இரண்டு நுனியையும் விரலில் சுற்றி, இலச்சினைக்குப் பின்னால் விட்டு வாள் அரிவது போல அங்கும் இங்கும் இழுத்தோம். இரண்டு நிமிடத்தில் கழன்றது. இந்த யோசனை ஒழுங்கை முடிவில் இருக்கும் மீன்பிடிக்காரர் ஒருவருடையது. வேலியால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர், "தம்பி, உதை ஏன் தெண்டுறீர்? நூலை விட்டு அறும்" என்றார்.

மிஞ்சும் பசைக்கு மண்ணெண்ணெய். துணியில் தொட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், நேரம் எடுக்கும். யூகலிப்டஸ் தைலம் இவற்றைவிடச் சுறுக்கு. தின்னரையும் பெற்றோலையும் கொண்டு துடைப்பது ஊர்ப் பழக்கம், ஆனால் அவை மேற்பூச்சை மங்கச் செய்யும். தின்னர் பிளாஸ்ரிக் பாகங்களை வெடிக்கவும் வைக்கும். நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்ரிக்கைக் கரைத்தே விடும். பசை போனதும் சவர்க்காரத் தண்ணீரால் எண்ணெய் போகக் கழுவ வேண்டும். கழுவிய கையோடு துடைத்தும் விட வேண்டும். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. அந்தத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். அதைத் தேய்க்கப் போய்க் கீறல் விழுத்தியவர்களும் உண்டு.

தாங்கியில் விளையாட்டு வேண்டாம்

தாங்கியில் சூடு காட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாங்கியில் பெற்றோல் இல்லை, ஆகவே பயமில்லை என்று நினைப்பது பெரும் பிழை. எரிவது ஆவி. நிரம்பிய தாங்கியைவிட, அப்போதுதான் வெறுமையாக்கிய தாங்கிக்குள் ஆவியும் காற்றும் கலந்து நிற்பது ஆபத்து. ஹெயார் ட்ரையருக்கு உள்ளே இருக்கும் கம்பி சிவக்கச் சூடாகும், அதன் மோட்டரில் பொறியும் பறக்கும். எனவே தாங்கிக்கு வெயில் அல்லது சுடுநீர்த் துணி மாத்திரம். மூடி இறுக்கமாக, குழாய் ஒழுகாமல், குசினிக்கும் சுவாமித்தட்டு விளக்குக்கும் தள்ளி, திறந்த வெளியில். பக்கத்தில் நின்று சிகரெட் பிடிக்கும் சிநேகிதப் பொடியனை முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் அனுப்பினோம்.

தழும்பு

எல்லாம் கழற்றிய பிறகு பார்த்தால் எழுத்து அப்படியே இருந்தது. ஸ்டிக்கர் போய்விட்டது, ஆனால் சைட் கவரில் 'டிஸ்கவர்' என்று கடும் நீலத்தில் தெளிவாக வாசிக்க முடிந்தது. இத்தனை வருட வெயில் சுற்றியிருந்த நீலத்தை வெளுக்கச் செய்திருக்கிறது. ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த நீலம் கம்பனி அடித்த அன்றிருந்த மாதிரியே இருக்கிறது. பொடியன் திகைத்துப் போனான். யூடியூப் வீடியோக்களில் இது வருவதில்லை, அவர்கள் புதுச் சைக்கிளில் செய்து காட்டுகிறார்கள்.

இந்தத் தழும்பைக் குறைக்கலாம். சில வேளை முற்றாகவும் போக்கலாம். கட் அண்ட் பொலிஷ் என்று கராஜ்களில் சொல்வது இதற்குத்தான். தேய்க்கும் கம்பவுண்டைத் துணியில் எடுத்து, வெளுத்த பக்கத்தைத் தேய்த்தால் மேலே செத்துப்போன பூச்சு கழன்று, கீழிருந்து நல்ல நிறம் வரும். இரண்டு பக்கமும் நெருங்கி வரும்வரை தேய்க்க வேண்டும். ஆழமாக வெளுத்திருந்தால் 2000 இலக்க வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மிக மெல்லப் போட்டு, பிறகு கம்பவுண்ட். விளிம்புகளில் கவனம் வேண்டும், அங்கே பூச்சு மெல்லியது, சட்டென்று அடி தெரிந்துவிடும். சிவப்பு நிறச் சைக்கிள்களில் இந்தத் தழும்பு அதிகம், சிவப்பு வெயிலில் சுறுக்காக வெளுக்கும். மற் நிறப் பூச்சில் கம்பவுண்டே போடக்கூடாது. தேய்த்த இடம் மாத்திரம் மினுங்கித் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இன்னொரு வழி, தழும்பின் மேல் அதைவிடச் சற்றுப் பெரிதாக வேறொன்றை ஒட்டிவிடுவது. யாழ் நகரில் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் சொன்ன அளவில் வினைல் வெட்டித் தருவார்கள். ஒட்டும்போது இரண்டு துளி சவர்க்காரம் கலந்த தண்ணீரை விசிறிவிட்டு ஒட்டினால், பிடிக்கும் முன் நகர்த்திச் சரி பார்க்கலாம். பிறகு அட்டையால் நடுவிலிருந்து வெளியே தண்ணீரைத் தள்ள வேண்டும். ஒரு நாள் வெயிலில் விட்டால் இறுகிவிடும்.

பெயின்ற் அடிப்பதென்றால்

பொடியனிடமிருந்து நான் வாங்கி வைத்த ரின்னை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால், கடையில் விற்கும் சாதாரண ஸ்பிரே பெற்றோலுக்குத் தாங்காது. ஒரு தரம் நிரப்பும்போது சிந்தினால் தாங்கியின் வாயிலிருந்து கீழே கண்ணீர் வடித்தது போலப் பெயின்ற் கரைந்து ஓடும். தாங்கிக்கு ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இருபாகப் பூச்சே வேண்டும். அந்த ஹார்ட்னரின் புகை நுரையீரலுக்குக் கெடுதி. கைலேஞ்சி கட்டிக்கொண்டு அடிக்கும் வேலை அல்ல அது, உரிய முகமூடியும் காற்றோட்டமான இடமும் தேவை. கொஞ்சக் காசு போனாலும் அதை வேலை தெரிந்த கராஜில் கொடுப்பதே நல்லது.

சைட் கவர், மட்கார்ட் போன்றவற்றை வீட்டில் அடிக்கலாம். கழற்றி, கழுவி, எண்ணெய் போக்கி, வாட்டர் பேப்பரில் 400, 600, 800 என்று போய், ப்ரைமர் அடித்து, பிறகு மெல்லிய பூச்சுகளாக மூன்று நான்கு. ஒரே தடவையில் மூடப் பார்த்தால் வடியும். இவையெல்லாம் எந்த வீடியோவிலும் இருக்கும். இல்லாதது எங்கள் காற்று. வைகாசி பிறந்து சோளகம் தொடங்கினால் முற்றத்துப் புழுதி முழுவதும் ஈரப் பெயின்ற்றில் வந்து குந்தும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் ஈரப்பதனால் பூச்சு பால் போல வெளிறும். மாசி, பங்குனியின் காலை நேரம்தான் சரி. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அடிப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவ மறக்கக் கூடாது. உப்புக்கு மேல் அடித்த பெயின்ற் ஒரு மாரியில் கொப்பளிக்கும்.

புத்தகத்தில் என்ன நிறம்?

இனித்தான் பொடியனோடு எனக்கு வாக்குவாதம்.

வாகனப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம், மாதிரி, உற்பத்தி ஆண்டு என்பவற்றோடு நிறமும் இருக்கும். கம்பனி ஸ்டிக்கரைக் கழற்றுவதால் இவற்றில் எதுவும் மாறாது. கோடு போடலாம், பெயர் எழுதலாம். ஆனால் நீலச் சைக்கிளை முழுக்கக் கறுப்பாக்கினால் புத்தகம் ஒன்று சொல்லும், சைக்கிள் இன்னொன்று சொல்லும். அப்படி மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துப் பதிவைத் திருத்த வேண்டும். காப்புறுதிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு விபத்தில் நட்டஈடு கேட்டுப் போகும்போது அவர்களுக்கு அதுவே சாட்டு.

லீசிங்கில் எடுத்த சைக்கிளென்றால் இன்னும் ஒரு படி. போருக்குப் பிறகு வடக்கில் சைக்கிள் வந்த வீடுகள் பலவற்றுக்கு அது லீசிங்கில்தான் வந்தது. கட்டி முடியும்வரை பதிவில் முழு உரிமையாளர் என்று இருப்பது நிறுவனத்தின் பெயர். நீங்கள் பாவனையாளர்தான். அவர்களின் சம்மதக் கடிதம் இல்லாமல் பதிவைத் திருத்த முடியாது. அதைவிட, சொல்லாமல் நிறம் மாற்றிய சைக்கிளைப் பார்த்தால் ஒளிக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் தவணைக்கு வருகிறவர் நினைப்பார்.

சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் குத்தியிருக்கும் இடத்தில் வாட்டர் பேப்பரும் படக்கூடாது, தடித்த பெயின்ற்றும் படக்கூடாது. ஒட்டுநாடாவால் மூடிவிட்டு அடியுங்கள். இலக்கம் தேய்ந்த சைக்கிளைக் களவெடுத்ததல்ல என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். காற்றழுத்தம், எடை சொல்லும் சிறு ஸ்டிக்கர்களையும் விட்டுவிடுங்கள், ரயர் மாற்றும்போது உதவும். பின்பக்கத்துச் சிவப்புத் தெறிப்பானைக் கழற்ற வேண்டாம். வெளிச்சமில்லாத எங்கள் வீதிகளில் பின்னால் வரும் லொறிக்காரர் காண்பது அதை மாத்திரம்தான்.

இலக்கத்தகடு பற்றி நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெட்டவும் கூடாது, மடிக்கவும் கூடாது, உள்ளே தள்ளவும் கூடாது. சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். எங்கள் செய்திகளில் வாள்வெட்டு என்று வரும்போதெல்லாம் கூடவே ஒரு வரி வரும்: முகத்தை மூடி, இலக்கத்தகட்டை மறைத்து மோட்டார் சைக்கிள்களில் வந்தோர். அந்த வரியை நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். எழுத்தில்லாத மற் கறுப்புச் சைக்கிளில், இலக்கம் தெரியாமல், இரவு எட்டு மணிக்கு ரியூசன் முடிந்து வரும் பிள்ளையை அந்த வரியிலிருந்து பிரித்துப் பார்க்க வீதியில் நிற்பவருக்கு நேரம் இருக்காது.

"அப்ப நாங்கள் ஸ்டைலா ஓடக்கூடாதோ?" என்றான். கொழும்பில் ஓடுகிறார்களே என்றான். அது நியாயமான கேள்வி. நான் உடனே பதில் சொல்லவில்லை.

நிறத்தைப் படிக்கும் ஊர்

வாகனத்தில் இருக்கும் ஓர் எழுத்து இந்த நாட்டில் சும்மா எழுத்தாக இருந்ததில்லை. 1957 ஜனவரியிலிருந்து புதிய வாகனங்களின் இலக்கத்தகடுகளில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. தமிழ் 'ஸ்ரீ'யை எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டினார்கள். 1958இல் பஸ்கள் அரசுடைமையாகி, சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு வந்தபோது போராட்டம் திரும்பத் தொடங்கியது. தகடுகளில் தார் பூசப்பட்டது. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். அந்த ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழிபட்டது, மே மாதம் கலவரம். எங்கள் பேரன்மாரின் தலைமுறை ஒரு தகட்டின் எழுத்தை மாற்றப் போய்ச் சிறைக்குப் போனது.

2006 ஓகஸ்டில் ஏ-9 மூடப்பட்ட பிறகு குடாநாட்டில் இருந்தவர்களுக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் வேறு பொருள் கொண்டது. இனந்தெரியாத ஆயுததாரிகள் என்று பத்திரிகைகள் எழுதியவர்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள். அந்தக் காலத்தில் உயர்தரம் படித்தவன் நான். ஒழுங்கையில் சைக்கிள் ஒன்று வேகம் குறைத்தால் அம்மா விளக்கை அணைப்பார்.

போர் முடிந்து ஏழு வருடத்துக்குப் பின், 2016 ஒக்டோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்திக்கு அருகே மோட்டார் சைக்கிளில் போன யாழ் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தார்கள். முதலில் விபத்து என்றே சொல்லப்பட்டது. பிறகு துப்பாக்கிச் சூடு என்று தெரிந்து பொலிஸார் ஐவர் கைதானார்கள். அந்தப் பிள்ளைகளின் சைக்கிள் எப்படி இருந்தது என்பது அங்கே ஒரு விடயமே அல்ல. ஆனால் அதற்குப் பிறகு இரவில் பிள்ளைகளைச் சைக்கிளில் விட அம்மாமார் பயப்படுகிறார்கள் என்றால், அதைப் பழங்காலத்துப் பயம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

நிறம் பற்றியும் ஒன்று. 2021 ஏப்ரலில் யாழ் மாநகர முதல்வர் வி. மணிவண்ணன் பயங்கரவாத விசாரணைப் பிரிவினரால் கைது செய்யப்பட்டார். நகரைச் சுத்தமாக வைத்திருப்பதற்காக மாநகர சபை அமைத்த காவலர்களுக்குக் கொடுத்த சீருடையின் நீலம், விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருந்தது என்பது குற்றச்சாட்டு. ஒரு மாநகர முதல்வரின் நிலைமை அதுவென்றால், தாங்கியில் பாயும் புலி கீறும் பொடியன் யோசிக்கத்தான் வேண்டும். படையினரின் பச்சைப் புள்ளி உருமறைப்பு வினைலும் அப்படியே. கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கி ஒட்டிவிட வேண்டாம்.

இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பயந்து ஓடு என்று ஒரு இளைஞனுக்குச் சொல்வதற்காக நான் எழுத வரவில்லை. ஆனால் தன் சைக்கிள் என்ன சொல்கிறதென்று தெரிந்துகொண்டு ஓடுவது வேறு, தெரியாமல் ஓடுவது வேறு.

எரிந்த சைக்கிளும் எரியாத இலக்கமும்

அவனுடைய அப்பாவின் சைக்கிள் எம்.டி. 90. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்ந்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று ஹொண்டா செய்த சைக்கிள். தபால் திணைக்களத்தின் சிவப்பிலேயே கம்பனியிலிருந்து வருவது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத காலத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். புகைதான். ஆனால் ஓடியது. நோயாளியையும் ஏற்றியது, விறகையும் ஏற்றியது.

அத்தான் கிளிநொச்சியில் அந்தச் சிவப்பைத் தூரிகையால் கறுப்பாக்கியிருந்தார். மேலே கிபீர் சுற்றும் காலத்தில் சிவப்பு கண்ணில் குத்தும் என்பது அவருடைய கணக்கு. 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால்வரை அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே சைக்கிளும் நின்றுவிட்டது, அத்தானும் வரவில்லை. அக்கா மூன்று வயதுப் பிள்ளையோடும் ஒரு சொப்பிங் பையோடும் வந்தார். பைக்குள் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ், அந்தச் சைக்கிளின் புத்தகம்.

பிறகொரு காலம், கைவிடப்பட்ட வாகனங்களை உரியவர்கள் பத்திரம் காட்டி அடையாளம் காணலாம் என்று அறிந்து அக்காவோடு நானும் போனேன். ஆயிரக்கணக்கில் கிடந்தன. எரிந்தவை, துருப்பிடித்தவை, ஒன்றின் மேல் ஒன்று. ஒன்றிலும் நிறமில்லை, ஸ்டிக்கரில்லை, இருக்கையில்லை. எது யாருடையது என்று தோற்றத்தில் சொல்ல ஒரு வழியும் இல்லை. சனங்கள் குனிந்து, ஈரத் துணியாலும் சீலைத் தலைப்பாலும் இரும்பைத் துடைத்துத் துடைத்து இலக்கத்தை வாசித்தார்கள். ஒருவர் வாசிக்க இன்னொருவர் புத்தகத்தில் பார்த்தார். சிலருக்குக் கிடைத்தது. நாங்கள் இரண்டு நாள் தேடினோம், கிடைக்கவில்லை.

இதைப் பொடியனுக்கு நான் முன்பு சொன்னதில்லை. அன்று முற்றத்தில் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் தன் சைக்கிளின் கழுத்தில் இருந்த இலக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பின்னேரம் அக்கா வந்தபோது அந்தப் பழைய புத்தகத்தைக் கேட்டான். அக்கா அடுத்த நாள் கொண்டுவந்து காட்டினார். பொலித்தீனுக்குள் இருந்தது, மடிப்பு கிழிந்திருந்தது. நிறம் என்ற இடத்தில் சிவப்பு என்று இருந்தது. அத்தான் கறுப்பாக்கியதை எங்கும் பதியவில்லை.

"அப்பாவும் மாத்தேல்ல" என்றான், சிரித்துக்கொண்டு.

"அவர் எங்க மோனை போய் மாத்திறது? அப்ப எந்தக் கந்தோர் இருந்தது?" என்றார் அக்கா.

இரண்டாவது சனிக்கிழமை கம்பவுண்ட் போட்டோம். வலது பக்கத் தழும்பு கிட்டத்தட்டப் போய்விட்டது. இடது பக்கம் காலை வெயில் சாய்வாக விழும்போது பெயரின் முதல் நான்கு எழுத்தும் இன்னும் தெரிகிறது. அந்தப் பக்கம்தான் சைக்கிள் சாய்ந்து வெயிலில் நின்றிருக்க வேண்டும். தாங்கியிலிருந்து கோடுகளைக் கழற்றியாயிற்று, இலச்சினை இல்லை, கழுகு இல்லை. வெறும் நீலம். எனக்கு அது வடிவாகத் தெரிகிறது. அவனுக்கு இன்னும் திருப்தியில்லை. கறுப்பு ஆசை போகவில்லை என்று நினைக்கிறேன். நிறம் மாற்ற என்னென்ன பத்திரம் வேண்டுமென்று திங்கட்கிழமை கேட்டுவரப் போகிறான். லீசிங் இன்னும் பதினொரு தவணை இருக்கிறது. இலக்கத்தகடு பழைய இடத்திலேயே பூட்டியிருக்கிறது. ஆணி ஒன்று கழன்றிருந்தது, அதற்குப் புதிதாக ஒன்று போட்டோம்.